வெண்ணெய் உருகும் ஊரில் சுகர் குக்கீஸ்

விதவிதமான வடிவங்களில் வெட்டிச் சுட்டு, மேலே சர்க்கரை ஐசிங்கால் அலங்கரிக்கும் பிஸ்கட்தான் சுகர் குக்கீ. அதன் செய்முறை எதை எடுத்தாலும் 'அறை வெப்பநிலையில் இருக்கும் வெண்ணெய்' என்றுதான் ஆரம்பிக்கும். அதை எழுதியவரின் அறை 20 டிகிரியில் இருந்திருக்கும். சென்னை திருவான்மியூரில் எங்கள் சமையலறை மே மாதப் பகலில் 35 டிகிரியைத் தொடும். வெண்ணெய் 32 டிகிரியைத் தாண்டினாலே ஓட ஆரம்பித்துவிடும். அந்த வரியை நம்பி வெண்ணெயை வெளியே வைத்தால், நட்சத்திரமாக வெட்டி வைத்தது அடுப்பிலிருந்து வட்டமாக வெளியே வரும்.

நான் இந்தக் குக்கீஸை வீட்டில் செய்யத் தொடங்கிப் பல வருடங்கள் ஆகின்றன. பிறந்தநாள், கிறிஸ்துமஸ், கொலுவுக்கு வரும் குழந்தைகள் கையில் கொடுக்க என்று ஏதாவது ஒரு காரணம் கிடைத்துக்கொண்டே இருக்கும். இத்தனை காலத்தில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது இதுதான்: கடலோர ஊர்க்காரர்கள் தனிச் செய்முறை தேடி அலைய வேண்டாம். வழக்கமான அளவுகளே போதும். அடுப்பில் வைக்கும் வரை மாவு குளிர்ந்திருக்க வேண்டும், ஐசிங் போட்ட பிறகு குக்கீயைச் சுற்றியுள்ள காற்று உலர்ந்திருக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் வழி செய்துகொண்டால் மீதி கைப்பழக்கம்தான்.

என் அளவு இது: வெண்ணெய் 200 கிராம், பொடித்த சர்க்கரை 160 கிராம், முட்டை ஒன்று, மைதா 400 கிராம், வெனிலா எசன்ஸ் ஒரு டீஸ்பூன். 6 மி.மீ. தடிமனில் தேய்த்து 7 செ.மீ. கட்டரால் வெட்டினால் 25 முதல் 30 குக்கீஸ் வரும். பல செய்முறைகளில் சர்க்கரையும் வெண்ணெயும் சம அளவில் இருக்கும். மேலே போடும் ஐசிங் முழுக்கச் சர்க்கரை என்பதால் மாவில் நான் குறைத்துக்கொள்கிறேன். சர்க்கரை குறைந்தால் குக்கீ அடுப்பில் பரவுவதும் குறையும். பேக்கிங் பவுடர் சேர்ப்பதே இல்லை. அது குக்கீயை உப்பவைத்து ஓரத்தை மழுக்கிவிடும். மேற்பரப்பு மேடாகிவிட்டால் ஐசிங் ஓரத்தை நோக்கி வழியும்.

எல்லாக் கடையிலும் கிடைக்கும் அமுல் மஞ்சள் வெண்ணெய் உப்புப் போட்டது. அதையே தாராளமாகப் பயன்படுத்தலாம், தனியாக உப்பு சேர்க்காமல் விட்டால் போதும். உப்பில்லாத வெண்ணெய் என்றால் கால் டீஸ்பூன் உப்பு. ரொட்டியில் தடவ டப்பாவில் விற்கும் 'ஸ்ப்ரெட்' வகைகள் இதற்கு ஆகாது. அவற்றில் கொழுப்பு குறைவு, தண்ணீர் அதிகம்.

வெண்ணெயைச் சிறு துண்டுகளாக நறுக்கி 10 நிமிடம் வெளியே வைத்தால் நம் ஊரில் போதும். விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், ஆனால் விரல் பளபளக்கக் கூடாது. அதுதான் கணக்கு. சர்க்கரையோடு சேர்த்து இரண்டு நிமிடம் அடித்தால் கலந்துவிடும். வெளுத்துப் பொங்கும் வரை அடிப்பது கேக்குக்குச் சரி. இங்கே உள்ளே போகும் காற்று அடுப்பில் குக்கீயைத் தூக்கிவிடும். அப்புறம் முட்டை, எசன்ஸ், கடைசியாகச் சலித்த மைதா. மாவு திரண்டு பாத்திரத்தின் ஓரத்தை விட்டு வந்ததும் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் பிசைந்தால் மைதாவில் இழுவை ஏறி, வெட்டிய வடிவம் அடுப்பில் சுருங்கும்.

அடுத்த கட்டத்தில்தான் நான் வழக்கத்திலிருந்து விலகுகிறேன். மாவை உருட்டி ஃபிரிட்ஜில் வைத்து, கெட்டியான பிறகு எடுத்துத் தேய்க்கச் சொல்வார்கள். குளிர் நாட்டில் அது சரியாக வரும். இங்கே கெட்டியான உருண்டை தேய்க்கிற பதத்துக்கு இளகுவதற்குள் அதன் வெளிப்புறம் கசிய ஆரம்பித்துவிடும். அதனால் மாவு மென்மையாக இருக்கும்போதே இரண்டு பட்டர் பேப்பருக்கு நடுவில் வைத்துத் தேய்த்து, அந்தத் தகட்டை அப்படியே ட்ரேயோடு ஃபிரிட்ஜுக்குள் தள்ளிவிடுகிறேன். மெல்லிய தகடு என்பதால் அரை மணி நேரத்தில் உள்ளே வரை குளிர்ந்துவிடும். மாவு தூவித் தேய்க்கும் வேலையும் இல்லை, அதனால் குக்கீயின் மேல் வெள்ளைத் திட்டும் வராது. இதற்கு ட்ரே உங்கள் ஃபிரிட்ஜுக்குள் படுக்கையாக நுழைய வேண்டும். ட்ரே வாங்கும்போது அடுப்பின் அகலத்தோடு ஃபிரிட்ஜ் தட்டின் அகலத்தையும் அளந்துகொண்டு போங்கள்.

தடிமன் சீராக வருவதற்குத் தனிக் கருவி எதுவும் வாங்க வேண்டாம். 6 மி.மீ. பிளைவுட்டில் இரண்டு நீளத் துண்டுகள் போதும், தச்சு வேலை செய்பவரிடம் கேட்டால் அறுத்துக் கொடுப்பார். மாவின் இரண்டு பக்கமும் அவற்றை வைத்துப் பூரிக்கட்டையை அவற்றின் மேல் உருட்டினால் தகடு முழுக்க ஒரே உயரத்தில் வரும். ஒரே ட்ரேயில் ஒன்று கருகி ஒன்று வேகாமல் இருப்பதற்குப் பெரும்பாலும் தடிமன் வித்தியாசம்தான் காரணம். மரத்தூள் ஒட்டாமல் இருக்கத் துண்டுகளை பட்டர் பேப்பருக்கு வெளியே வையுங்கள்.

தகடு அட்டை போல விறைத்த பிறகுதான் வெட்ட வேண்டும். வெட்டிய துண்டுகளை ட்ரேயில் அடுக்கி, இன்னொரு முறை 10 முதல் 15 நிமிடம் ஃப்ரீசரில் வைக்கிறேன். பலர் விட்டுவிடும் கட்டம் இது. வடிவம் நிற்பது இங்கேதான் முடிவாகிறது. உறைந்த வெண்ணெய் உருகத் தொடங்குவதற்குள் ஓரத்து மாவு வெந்து இறுகிவிடுவதால் முனைகள் கூர்மையாக நிற்கும். மிச்ச மாவைச் சேர்த்து மறுபடி தேய்க்கலாம், ஆனால் அதுவும் மறுபடி குளிர வேண்டும். மே மாதத்தில் இந்த வேலையை விடியற்காலையிலேயே முடித்துவிடுவேன். வெயில் ஏறிய பிறகு அதே மாவு சொன்ன பேச்சு கேட்காது.

நம் வீடுகளில் பெரும்பாலும் ஓடிஜி எனும், மேஜை மேல் வைக்கும் மின்சார அடுப்புதான். அதில் குமிழியைத் திருப்பி 180 என்று வைத்தால் உள்ளே 180 இருக்கும் என்று நம்ப முடியாது. உள்ளே தொங்கவிடும் சிறிய வெப்பமானி ஒன்று வாங்கிக்கொண்டால் சந்தேகம் தீர்ந்துவிடும். நான் மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டையும் போட்டு 15 நிமிடம் சூடாக்கி, வெப்பமானி 170 காட்டிய பிறகு நடுத்தட்டில் ட்ரேயை வைக்கிறேன். சிறிய ஓடிஜியில் கம்பிகள் மிக அருகில் இருப்பதால் 160 போதும். 12 நிமிடத்தில் ஓரம் லேசாகப் பொன்னிறமாகும், நடுப்பகுதி வெளிறி இருக்கும். அப்போதே எடுத்துவிட வேண்டும், ட்ரேயின் சூட்டில் மீதி வெந்துவிடும். இடையில் ஒருமுறை ட்ரேயைத் திருப்பி வைப்பது நல்லது. ஓடிஜியில் ஒரு நேரத்தில் ஒரு ட்ரேதான் வேகும், அதுவரை மற்றவை ஃப்ரீசரில் காத்திருக்கட்டும். சூடான ட்ரேயில் அடுத்த மாவை வைக்காதீர்கள். குழாய்த் தண்ணீரைக் காட்டி ஆறவைத்துத் துடைத்த பிறகு வையுங்கள்.

வெந்த குக்கீஸை அன்றே அலங்கரிக்காமல் ஒரு ராத்திரி காகிதத்தின் மேல் விட்டுவைக்கிறேன். புதிதாக வெந்த குக்கீயின் மேற்பரப்பில் கொழுப்பு கசிந்துகொண்டிருக்கும். அதன் மேல் வெள்ளை ஐசிங் போட்டால் மறுநாள் மஞ்சள் கறைகள் எழும்பி நிற்கும். அந்தக் கொழுப்பைக் காகிதம் உறிஞ்சிக்கொள்ளும்.

இனி ஐசிங். சர்க்கரையும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து அடித்து, காய்ந்தால் கல்லாக இறுகும் ராயல் ஐசிங்தான் இந்தக் குக்கீஸுக்குப் பொருத்தம். தூத்துக்குடி மக்ரூன் செய்வதைப் பார்த்தவர்களுக்கு முட்டை வெள்ளையும் சர்க்கரையும் என்னவெல்லாம் செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. மக்ரூனை அடுப்பு உலர்த்துகிறது, ராயல் ஐசிங்கைக் காற்று உலர்த்த வேண்டும். கடலோரத்தில் நமக்குச் சிக்கலே அந்தக் காற்றுதான்.

500 கிராம் ஐசிங் சுகர், 30 கிராம் மெரிங் பவுடர் (உலர்த்திய முட்டை வெள்ளைப் பொடி), 80 மி.லி. தண்ணீர், சில சொட்டு எலுமிச்சைச் சாறு. பீட்டரின் குறைந்த வேகத்தில் ஐந்தாறு நிமிடம் அடித்தால், பீட்டரைத் தூக்கும்போது கொம்பு போல நிற்கும் பதத்துக்கு வரும். வேகத்தைக் கூட்டினால் குமிழிகள் நிறைந்து, காய்ந்த பிறகு பொருபொருவென்று உதிரும். மெரிங் பவுடருக்கும் தண்ணீருக்கும் பதிலாக இரண்டு முட்டை வெள்ளைக்கருவைப் போடலாம். ஆனால் பச்சை முட்டையில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம் என்பதால் குழந்தைகளுக்குக் கொடுப்பதில் நான் அதைத் தொடுவதில்லை. பாத்திரத்தில் ஒரு துளி எண்ணெய் இருந்தாலும் வெள்ளைக்கரு பொங்காது. பிளாஸ்டிக் பாத்திரம் எத்தனை கழுவினாலும் எண்ணெய்ப்பசையைப் பிடித்து வைத்திருக்கும். எவர்சில்வர் பாத்திரத்தை எலுமிச்சை மூடியால் ஒரு தேய்ப்புத் தேய்த்துத் துடைத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

மிக்ஸியில் அரைத்த சர்க்கரை, குக்கீ மாவுக்கு நன்றாக இருக்கும், ஐசிங்குக்கு ஆகாது. எவ்வளவு அரைத்தாலும் அதில் நிற்கும் சிறு பரல்கள் ஐசிங் பிழியும் கோனின் முனையை அடைத்துவிடும். கடை ஐசிங் சுகரையே மெல்லிய துணியில் சலித்துத்தான் போடுகிறேன்.

பதம்தான் இதில் பாதி வேலை. கத்தியால் ஐசிங்கின் நடுவில் ஒரு கோடு கிழித்து, அது மறைய எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். பரப்பை நிரப்பும் ஐசிங்குக்குப் பத்து விநாடி போதும் என்று பலர் சொல்வார்கள். சென்னைக்கு நான் 15 முதல் 20 விநாடி வைத்துக்கொள்கிறேன். கெட்டியாக இருந்தால் அதில் தண்ணீர் குறைவு, காய வேண்டியதும் குறைவு. தண்ணீரை ஸ்பூனில் ஊற்றாமல் ஸ்ப்ரே பாட்டிலில் அடித்துச் சேர்த்தால் பதம் தாண்டிப் போகாது. கலந்த பிறகு ஈரத்துணியால் மூடிக் கால் மணி நேரம் வைத்தால் குமிழிகள் மேலே வந்து உடைந்துவிடும்.

பட்டர் பேப்பரில் கோன் சுற்றினால் நாசில் என்ற உலோக முனை வாங்கத் தேவையில்லை. மருதாணி கோன் சுற்றத் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. கோடு போடுவதைப் பற்றி எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த பாடம் என் மாமியாரிடமிருந்து வந்தது. மார்கழி முழுக்க வாசலில் இழைக்கோலம் போடுகிறவர். ஒருநாள் நான் ஓரக்கோடு போடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், "ஏம்மா, அதைப் போட்டு ஏன் தேய்க்கற? மேல இருந்து விடு. கை போற இடத்துக்கு இழை தானா வரும்" என்றார். "நீங்களே ஒண்ணு போட்டுக் காட்டுங்க அத்தை" என்று கோனைக் கொடுத்தேன். முனையைக் குக்கீயில் ஒருமுறை தொட்டு ஒட்டவைத்து, ஒரு விரல்கடை உயரத்துக்குத் தூக்கி, கோலமாவு விழுவது போல ஐசிங்கைத் தொங்கவிட்டு இழுத்துக்கொண்டே போனார். முடிகிற இடத்தில் மட்டும் மறுபடி தொட்டார். அந்த வட்டத்தில் ஒரு நடுக்கம் இல்லை. முனை குக்கீயில் உரசும்போதுதான் கை நடுக்கமெல்லாம் கோட்டில் பதிகிறது. தூக்கிவிட்டால் கோடு தன் கனத்தில் நேராக விழும். இப்போது கொலு சமயத்தில் வட்டக் குக்கீயில் புள்ளிக்கோலம் போடுவது அவர் வேலை.

ஓரக்கோடு போட்டு உள்ளே நிரப்பிய பிறகு, குமிழிகளை டூத்பிக் முனையால் குத்தி, குக்கீயை மெதுவாக ஆட்டினால் பரப்பு சமமாகிவிடும். அடுத்தது காயவைப்பது. பலரும் இதை ஒரு வேலையாகவே எண்ணுவதில்லை. என் அனுபவத்தில் நன்றாக வந்த குக்கீஸ் கெடுவது இந்த இடத்தில்தான்.

சர்க்கரை ஈரத்தை இழுக்கும் பொருள். காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்தை நெருங்கினால் ஐசிங் தன் தண்ணீரைக் காற்றுக்கு விடாது. அதைத் தாண்டிவிட்டால் காற்றிலிருந்து நீரை வாங்கிக்கொள்ளவே தொடங்கும். சென்னையில் ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்த எண் சாதாரணம். கிறிஸ்துமஸ் குக்கீஸ் கேட்டு ஆட்கள் வருவதும் அந்தச் சமயத்தில்தான். அதனால் ஈரப்பதம் காட்டும் சிறிய டிஜிட்டல் மானி ஒன்றை மேஜையில் வைத்திருக்கிறேன். விலை அதிகமில்லை, ஆன்லைனில் கிடைக்கும். 65க்குக் கீழே இருந்தால் டேபிள் ஃபேனை நேராகத் திருப்பிவிட்டால் போதும், ஒரு மணி நேரத்தில் மேலே ஓடு கட்டி, ராத்திரி கழித்துப் பார்த்தால் உள்ளே வரை இறுகியிருக்கும். அதற்கு மேல் இருந்தால் ஃபேன் ஈரக்காற்றைத்தான் வீசும். அப்போது அறையை மூடி ஏசியை ட்ரை மோடில் 26ல் வைத்து, அதோடு ஃபேனையும் போடுகிறேன். 18 வரை இறக்கினால் குக்கீ சில்லிட்டுப்போய், வெளியே எடுத்ததும் அதன் மேல் வியர்க்கும்.

வேகமாகக் காயும் ஐசிங்குக்குப் பளபளப்பு இருக்கும். மெதுவாகக் காய்ந்தது மங்கிப்போய்த் திட்டுத்திட்டாக நிற்கும். பூவின் இதழ், பொம்மையின் கை போன்ற சிறு இடங்களில் காய்வது தாமதமானால் நடுவில் குழி விழும். அந்த இடங்களில் முதலில் கெட்டி ஐசிங்கால் கோணல்மாணலாக ஒரு கிறுக்கல் போட்டு, அதன் மேல் நிரப்பினால் கீழே பிடிமானம் இருக்கும். உடனே ஃபேனுக்கு முன்னால் வைத்துவிட வேண்டும்.

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வந்தபோது, எங்கள் வீட்டில் இரண்டு வகைக் குக்கீஸ் இருந்தன. ஐசிங் போட்டுக் காய்ந்துகொண்டிருந்தவை ஒரு பக்கம். வெந்து, ஆறி, எவர்சில்வர் தூக்கில் இறுக மூடி வைத்தவை இன்னொரு பக்கம். கரண்ட் போய், ஃபேனும் ஏசியும் இல்லாமல் கிடந்த அந்த நாட்களில் முதல் வகை பிசுபிசுத்து, சிவப்பு நிறம் வெள்ளைக்குள் ஓடி, தொட்டால் விரலில் வந்தது. தூக்கில் இருந்தவை மொறுமொறுவென்று அப்படியே இருந்தன. வெந்த குக்கீ காற்றுப் புகாத டப்பாவில் இரண்டு வாரம் தாராளமாக இருக்கும். அந்தப் புயலுக்குப் பிறகு மழைக்காலத்தில் குக்கீஸை முன்கூட்டியே சுட்டு வைத்துவிட்டு, வானிலை அறிக்கையைப் பார்த்துத்தான் ஐசிங் நாளைத் தீர்மானிக்கிறேன்.

நிறத்துக்குத் தண்ணீர் வகையை விட்டு ஜெல் வகையை வாங்குங்கள், பதம் கெடாது. சிவப்பும் கறுப்பும்தான் அதிகம் படுத்தும். சொட்டுக்கு மேல் சொட்டாக விட்டுக்கொண்டே போனால் ஐசிங் காயாமல் பக்கத்து வெள்ளையில் கசியும், நாக்கிலும் கசக்கும். நிறம் ஒரு ராத்திரியில் தானாகவே அடர்ந்துவிடும், அதனால் நினைத்ததைவிட ஒரு படி வெளிறலாகக் கலந்து மூடி வையுங்கள். கறுப்பை அடர் பிரவுனிலிருந்து தொடங்கினால் பாதி ஜெல் மிச்சம். அடர்நிறப் பகுதியை முதலில் போட்டு நன்றாகக் காய்ந்த பிறகு வெள்ளையைப் போட்டால் கசிவு வெகுவாகக் குறையும்.

எந்த நிறம் என்பதில் நான் கறாராக இருப்பேன். 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு நிறம் சேர்த்த பஞ்சு மிட்டாய் விற்பனைக்குத் தடை விதித்தது நினைவிருக்கும். துணிக்குப் போடும் ரோடமைன்-பி சாயம் அதில் இருந்தது பரிசோதனையில் தெரிந்ததுதான் காரணம். லேபிள் இல்லாமல் பொட்டலமாக விற்கும் கலர்ப் பொடி எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும் குழந்தைகள் தின்பதில் வேண்டாம். டார்ட்ரசின், கார்மோய்சின், பிரில்லியன்ட் புளூ என்று அனுமதிக்கப்பட்ட நிறங்களின் பெயர் லேபிளில் அச்சிட்டிருக்க வேண்டும். மென்மையான நிறங்கள் போதும் என்றால் பீட்ரூட் பொடியும் மஞ்சளுமே அழகாக இருக்கும்.

முட்டை சாப்பிடாத வீடுகளுக்கு மாவில் முட்டைக்குப் பதில் மூன்று டேபிள்ஸ்பூன் குளிர்ந்த பால் சேர்த்தால் போதும். ஐசிங்கில்தான் கவனம் வேண்டும்: மெரிங் பவுடர் உலர்த்திய முட்டை வெள்ளைதான். பொடியாக இருப்பதால் சைவம் என்று நினைத்துவிடுகிறார்கள், பாக்கெட்டில் உள்ள குறியைப் பாருங்கள். அதற்கு மாற்று, உப்புப் போடாமல் வேகவைத்த வெள்ளைக் கொண்டைக்கடலையின் தண்ணீர். 2014 வாக்கில் பிரான்ஸில் ஒருவர் இந்தத் தண்ணீர் முட்டை வெள்ளை போலவே நுரைத்துப் பொங்குவதைக் கண்டறிந்து சொன்னார். குக்கரில் வெந்த தண்ணீர் நீர்த்திருந்தால், வழவழப்பாகும் வரை சுண்டவிட்டு ஆறவைக்க வேண்டும். 500 கிராம் ஐசிங் சுகருக்கு 80 மி.லி. சரியாக இருக்கும். வெனிலா சேர்த்த பிறகு கடலை வாசனை தெரிவதில்லை. காய்வதற்கு மட்டும் கூடுதல் நேரம் கொடுங்கள்.

கட்டர்கள் பாரிமுனைப் பக்கம் பேக்கிங் சாமான் கடைகளில் கிடைக்கும். எவர்சில்வர் கட்டர் வாழ்நாளுக்கும் வரும். தகரக் கட்டரைக் கழுவியதும் அடுப்புச் சூட்டில் உலர்த்தாவிட்டால் துருப்பிடிக்கும். இப்போது வரும் 3டி பிரிண்ட் பிளாஸ்டிக் கட்டர்களை வெந்நீரில் போட்டால் வளைந்துவிடும், பச்சைத் தண்ணீரில்தான் கழுவ வேண்டும்.

ஐசிங் போட்ட குக்கீயை ஃபிரிட்ஜில் வைக்கவே கூடாது. வெளியே வந்த நிமிடத்தில் அதன் மேல் நீர் கோத்துக்கொள்ளும். முழுதாகக் காய்ந்ததும் ஒவ்வொன்றாகக் கவரில் போட்டு ஹீட் சீலரால் ஒட்டிவிட்டால் சாதாரண அலமாரியிலேயே இருக்கும். கோயம்புத்தூரில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்குக் கூரியரில் அனுப்பும்போது, இரண்டு இரண்டாக முதுகோடு முதுகு சேர்த்து, பபிள் ரேப் சுற்றி, பெட்டியில் படுக்கவைக்காமல் செங்குத்தாக நிற்கவைக்கிறேன். படுத்திருக்கும் குக்கீயின் மேல்தான் மற்றதன் பாரம் விழும். தூரம் போகிற பெட்டிக்கு மயில், ஒட்டகச்சிவிங்கி வேண்டாம். கழுத்து அங்கேயே ஒடிந்துவிடும். யானை, மாம்பழம், பானை, ஆமை போன்ற அடக்கமான வடிவங்கள் முழுசாகப் போய்ச் சேரும்.